பத்து லட்சம் ‘இலவச’ மானியம்: முதலில் அந்தக் காசோலைகளை நிறுத்துங்கள்

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பலகாரத் தொழில் செய்யும் ஒரு பெண் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். ஆளும் ஊரும் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 46. கணவர் வெளிநாட்டு வேலையை விட்டு உடம்பு முடியாமல் திரும்பிவிட்டார். ஒன்பது வருடமாக வீட்டுப் பின்கட்டில் அடுப்புப் போட்டு, கல்யாண வீடுகளுக்குத் தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம், மாவுருண்டை செய்து கொடுக்கிறார். கூட நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். முகூர்த்த மாதங்களில் ஆர்டரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. மாவு பிசையவும் பிழியவும் மெஷின் வாங்கினால் சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், சம்பந்தி வீட்டு உறவுக்காரர் ஒருவர் ஓர் ‘ஆலோசகரை’ அழைத்து வந்தார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் அலுவலகம், விசிட்டிங் கார்டில் சிங்கமுகச் சின்னம். “பெண் தொழில்முனைவோருக்கு மத்திய அரசு 10 லட்சம் தருகிறது, திருப்பிக் கட்ட வேண்டாம், வங்கிக்கே போக வேண்டாம்” என்றாராம்.

பதிவுக்கு 4,500 ரூபாய். திட்ட அறிக்கைக்கு 18,000. அப்புறம் “மேலே கொடுக்க வேண்டியது” 30,000. ஆக 52,500 ரூபாய், எல்லாம் ஜிபே வழியாக. இதற்காகச் சங்கிலி ஒன்று அடகுக்குப் போயிருக்கிறது. ஆதார், பான் நகல்கள், கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு காசோலைகள், எழுதாத 20 ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றில் கையெழுத்து, போனில் வந்த ஓ.டி.பி. இரண்டு மூன்று தடவை என்று எல்லாம் கொடுத்தாயிற்று. மூன்று மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ‘ஒப்புதல் ஆணை’ வந்தது. இப்போது அந்த 10 லட்சத்தை விடுவிக்க ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமாம். “18 சதவீதம் என்றால் 1,80,000 வரும். நான் பேசி 36,000 ஆக்கியிருக்கிறேன்” என்கிறார் ஆலோசகர். கணவர் போனது போகட்டும் என்கிறார். கொழுந்தனார், பாதியில் விட்டால் கட்டியதும் போய்விடும், கட்டிவிடுங்கள் அண்ணி என்கிறார். இதற்கிடையே வாசகி சொல்லித்தான் அவரிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் ஆளுக்கு 22,500 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். “அவர்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை” என்று எழுதியிருக்கிறார். ஆணை நிஜமா, பணம் திரும்புமா, காசோலையால் ஆபத்து வருமா, மேலே கொடுக்க என்று பணம் தந்ததால் நானும் குற்றவாளியா, உண்மையிலேயே அரசு மானியம் என்று ஒன்று இருக்கிறதா? இவைதான் அவருடைய கேள்விகள்.

சகோதரி, 36,000 ரூபாயைக் கட்டாதீர்கள். உங்கள் கொழுந்தனார் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் கட்டிய 52,500 ரூபாயைக் காப்பாற்ற இன்னும் 36,000 கட்டுவது என்ற கணக்கை நம்பித்தான் இந்த மாதிரி ஆட்கள் பிழைப்பே நடத்துகிறார்கள். இதைக் கட்டினால் அடுத்த மாதம் ‘வருமான வரி’ என்று இன்னொன்று வரும். கட்டவில்லை என்பதால் நீங்கள் இழக்கப்போவது எதுவும் இல்லை, ஏனென்றால் அந்த 10 லட்சம் எங்கும் இல்லை.

அந்த ஆணையில் என்ன இருக்கிறது

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே நிதி அமைச்சகம், ரிசர்வ் வங்கி இரண்டின் பெயரும் சேர்ந்து இருக்கிறது. அமைச்சகமும் ரிசர்வ் வங்கியும் கூட்டாகக் கையெழுத்திட்டுத் தனி ஆளுக்கு மானியம் கொடுக்கும் வழக்கமே கிடையாது. சிங்கமுகத்துக்குக் கீழே ‘சத்யமேவ ஜயதே’ என்ற வரியைக் காணோம். தொடர்புக்கு ஜிமெயில் முகவரி. தேதியைக் காலண்டரில் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை. இவையெல்லாம்கூடச் சில்லறை. எனக்குப் போதுமான சான்று ஒன்றுதான்: ஆணை முழுக்க எந்த வங்கிக் கிளையின் பெயரும் இல்லை. சிறுதொழிலுக்கான மானியம் கடன் கொடுத்த வங்கி வழியாகத்தான் வரும். வங்கியே இல்லாத மானிய ஆணை என்றால் அது போலி.

ஜி.எஸ்.டி. விஷயமும் அப்படித்தான். மானியத்தை விடுவிக்கப் பயனாளி முன்கூட்டி வரி கட்டும் நடைமுறை எந்தத் திட்டத்திலும் இல்லை. தனி ஆளின் ஜிபே எண்ணுக்குக் கட்டும் வரியும் கிடையாது. 1,80,000 ரூபாய் வரியைப் பேசிப் பேசி 36,000 ஆக்க முடியும் என்றால் காரைக்குடிக் கடைத்தெருவில் ஒரு வியாபாரியும் ஆடிட்டர் வைத்துக்கொள்ள மாட்டார்.

‘முதல் கட்ட ஒப்புதல்’ என்று அவர் கொடுத்த இன்னொரு காகிதம் மட்டும் நிஜமானது. அது உத்யம் பதிவுச் சான்றிதழ். குறு, சிறு தொழில் நடத்தும் யார் வேண்டுமானாலும் ஆதார், பான் வைத்து இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவுக்கு அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை. அதற்குத்தான் உங்களிடம் 4,500 ரூபாய். உங்கள் ஓ.டி.பி. ஒன்று போன இடமும் அதுதான். நிஜமான ஒரு காகிதத்தை முதலில் கையில் கொடுத்துவிட்டால் பின்னால் வரும் பொய்க் காகிதத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பணத்தைவிட அவசரமானது காசோலை

கடிதத்தில் நீங்கள் பணத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, காசோலைகளை ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிகிறது.

தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலை செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கையெழுத்து உங்களுடையது என்றால், மீதியை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், சட்டப்படி பாக்கி இருந்ததால்தான் கொடுத்தீர்கள் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். உச்ச நீதிமன்றம் 2019-ல் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நாளைக்கு அந்த ஆள், “இந்த அம்மாள் என்னிடம் 3 லட்சம் கைமாற்று வாங்கினார்” என்று ஒரு காசோலையை வங்கியில் போட்டு, அது திரும்பினால், செலாவணி முறிச்சட்டம் 138-ஆம் பிரிவில் உங்கள் மேல் வழக்குப் போட முடியும். அந்த முத்திரைத்தாளிலும் கைமாற்றுப் பத்திரம் ஒன்றை எழுதிக்கொண்டால் அவர் கதைக்கு வலு கூடும். பணம் கேட்டு நச்சரிக்கிறீர்கள் என்று தெரிந்தால் இப்படி மிரட்டி வாயை அடைப்பவர்கள் உண்டு.

எனவே அவரிடம் சண்டைக்குப் போகும் முன் உங்கள் வங்கிக்குப் போங்கள். காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையில் அந்த இரண்டு எண்கள் இருக்கும். இப்படி ஒரு கடிதம் எழுதினால் போதும்:

“என் சேமிப்புக் கணக்கின் கீழ்க்கண்ட இரண்டு காசோலைகளை, அரசு மானியம் பெற்றுத் தருவதாகச் சொன்ன நபர், தொகையும் பெயரும் எழுதாமல் என் கையெழுத்தை மட்டும் பெற்று எடுத்துச் சென்றார். அவருக்கு நான் எந்தப் பணமும் தர வேண்டியதில்லை. என்னை ஏமாற்றிப் பெற்றவை என்பதால் இவற்றுக்குப் பணம் வழங்குவதை நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பணம் நிறுத்தச் சொன்னால் 138 வழக்கே வராது என்பதில்லை, அப்போதும் வரலாம். ஆனால் காசோலை வங்கிக்கு வரும் முன்பே நீங்கள் வங்கிக்கும் காவல் துறைக்கும் எழுதியிருக்கிறீர்கள் என்பது, பின்னால் எத்தனை சாட்சி வைத்தாலும் கிடைக்காத பலத்தைத் தரும். அவரிடமிருந்தோ அவர் வக்கீலிடமிருந்தோ நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள், பதில் எழுதாமலும் இருக்காதீர்கள். சட்டம் 15 நாள் தருகிறது. அதற்குள் நடந்ததைச் சொல்லி வக்கீல் மூலம் பதில் போக வேண்டும்.

அதே கையோடு இன்னும் சில. உங்கள் பெயரில் வேறு கடன் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் உங்கள் பான் எண்ணைப் போட்டுத் தேடினால், அதை வைத்து யாராவது போலி நிறுவனம் பதிந்திருந்தால் தெரிந்துவிடும். ஆதாரின் கைரேகைப் பதிவையும் பூட்டி வையுங்கள், அதற்கும் கட்டணம் இல்லை. உங்கள் மகளுக்கோ பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளைக்கோ இதெல்லாம் அரை மணி நேர வேலை.

பணம் திரும்புமா?

முழுதாக வந்துவிடும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கை விட்டுவிடவும் சொல்ல மாட்டேன்.

இணையவழியில் பணம் போனதால், இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் எதிர்க் கணக்கை முடக்க நல்ல வாய்ப்பு உண்டு. உங்களுக்கு மூன்று மாதம் ஓடிவிட்டது. இருந்தாலும் அதே கணக்கின் மேல் வேறு ஊர்களிலிருந்தும் புகார் இருந்தால் எல்லாம் ஒன்று சேரும். அதனால் பதிவது வீண் இல்லை.

அடுத்தது எழுத்தில் காவல் துறைப் புகார். 2024 ஜூலை 1-க்குப் பிறகு இந்திய தண்டனைச் சட்டத்தின் 420 போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) வந்திருக்கிறது. ஏமாற்றிப் பணம் பறித்தால் ஏழு ஆண்டு வரை சிறை. போலி ஆணையைத் தயாரித்ததும் அதை நிஜம் என்று காட்டியதும் தனிக் குற்றங்கள். அரசுச் சின்னத்தை விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டதற்கும் 2005-ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது. எந்தப் பிரிவு என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தேதி வாரியாக யார் என்ன சொன்னார், எவ்வளவு போனது, எந்த எண்ணுக்குப் போனது என்று வரிசையாக எழுதினால் போதும். காவல் நிலையத்தில் கையோடு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வழக்குப் பதியாமல் இழுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது, அந்தப் போனே வேண்டும். அதை மாற்றிப் புதுப் போன் வாங்கும் யோசனை இருந்தால் இப்போது வேண்டாம். மாடி அலுவலகத்தின் போர்டைப் போட்டோ எடுத்து, கட்டடம் யாருடையது என்று கீழ்க்கடையில் விசாரித்து வையுங்கள். இந்த மாதிரி ஆட்கள் இரவோடு இரவாகக் காலி செய்துவிட்டால், வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் முகவரியும்தான் கையில் மிஞ்சும்.

பணத்தைத் தனியாகக் கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு சேவை தருவதாகச் சொன்னவர், பொய் சொல்லி வாங்கியிருக்கிறார். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம்.

சம்பந்தி வீட்டுக்காரர் வந்து, “போலீசுக்கெல்லாம் போக வேண்டாம், நான் பேசி வாங்கித் தருகிறேன்” என்பார். நம் ஊரில் இதுதான் முதலில் நடக்கும். அவரும் ஏமாந்தவராக இருக்கலாம், கமிஷன் வாங்கியவராகவும் இருக்கலாம். அவரை வில்லனாக்கிச் சம்பந்தம் கெட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேசட்டும். ஆனால் அவர் பேச்சுக்காகப் புகாரைத் தள்ளிப் போடாதீர்கள். பணம் வந்தால் வங்கி வழியாக வரட்டும், இரண்டு காசோலையும் முத்திரைத்தாளும் சேர்ந்து வரட்டும். அதற்கு முன் “எனக்குப் புகார் எதுவும் இல்லை” என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்குப் பதிந்த பிறகும் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ள வழி இருக்கிறது. எனவே புகார் கொடுத்துவிட்டால் உறவு முறிந்தே போகும் என்று இல்லை.

‘மேலே கொடுத்த’ 30,000

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். அநேகம் பேர் இதை வக்கீலிடம்கூட மறைப்பார்கள்.

லஞ்சம் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளிதான். 2018-ல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டம் இடைத்தரகர் வழியாகக் கொடுப்பதையும் சேர்த்தே சொல்கிறது. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவருக்கு விலக்கு உண்டு. அந்த ஏழு நாள் உங்களுக்குத் தாண்டிவிட்டது. பயமுறுத்த இதை எழுதவில்லை. நீங்கள் கொடுத்தது எந்த அதிகாரிக்கும் போனதாகத் தெரியவில்லை, அப்படி ஓர் அதிகாரி இருந்ததாகவும் தெரியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் ஏமாற்றப்பட்டவராகத்தான் தெரிகிறீர்கள். ஆனால் அந்தப் பணம் எதற்கு என்று அவர் சொன்னபோது நீங்கள் புரிந்துகொண்டுதான் கொடுத்தீர்கள், இல்லையா? அதனால் புகாரை எழுதும் முன் ஒரு வக்கீலை நேரில் பார்த்து இந்தப் பகுதியைக் காட்டுங்கள். மறைக்கவும் வேண்டாம், கூட்டிச் சொல்லவும் வேண்டாம். அவர் சொன்ன வார்த்தை எதுவோ அதையே எழுதுங்கள். ‘அதிகாரிகள் வாங்கினார்கள்’ என்று நீங்களாக எழுதினால் சிக்கல் உங்களுக்குத்தான். இன்னொன்று, இப்படிக் கொடுத்த தொகையை வழக்குப் போட்டு வசூலிப்பது மற்ற 22,500 ரூபாயை வசூலிப்பதைவிடக் கடினம். சட்ட விரோதமான காரியத்துக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கித் தர நீதிமன்றம் தயங்கும்.

உங்களோடு வேலை செய்யும் அந்த இருவர் விஷயத்தில் ஒதுங்கிப் போவதுதான் ஆபத்து. நீங்கள் சொல்லித்தான் கட்டினோம் என்று நாளை அவர்கள் தனியாகப் புகார் கொடுத்தால், உங்கள் பெயர் சாட்சிகளின் பட்டியலிலா எதிரிகளின் பட்டியலிலா என்பது எழுதுபவர் கையில் போய்விடும். இன்றைக்கே அவர்களை உட்கார வைத்து நடந்ததைச் சொல்லுங்கள். அவர்களும் காசோலை கொடுத்திருந்தால் முதல் வேலையாக அதை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் நேராக அவர்கள் போனிலிருந்து போனதா, உங்கள் கணக்கு வழியாகப் போனதா என்று பாருங்கள். உங்கள் வழியாகப் போயிருந்தால் அதே நாளில் நீங்கள் அனுப்பிய பதிவை எடுத்து வையுங்கள். மூவரும் ஒரே நாளில் ஆளுக்கொரு புகாராகக் கொடுப்பது நல்லது. அவர்கள் பணத்தை நீங்கள் கைப்பொறுப்பாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மனசுக்குத் தோன்றினால் பிறகு செய்யுங்கள். இப்போது இன்னொரு நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடாதீர்கள்.

உண்மையில் என்னதான் கிடைக்கும்?

புதுவயலில் உங்கள் உறவினர் ஒருவர் மானியம் வாங்கினார், அதைப் பார்த்துத்தான் நம்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வாங்கியது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அவர் வங்கியில் கடன் வாங்கி, சொந்தப் பணமும் போட்டு, தவணையும் கட்டியிருப்பார். ஊரில் பேசும்போது ‘35 சதவீதம் தள்ளுபடி’ என்பது மட்டும்தான் காதில் விழும்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்பது 2008 முதல் இருப்பது. பி.எம்.இ.ஜி.பி. என்பார்கள். பெண்களுக்குக் கிராமப்புறத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம் மானியம். நீங்கள் 5 சதவீதம் போட வேண்டும், மீதி வங்கிக் கடன். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனபோது சுற்றியிருந்த சில ஊர்களும் அதில் சேர்ந்துவிட்டன. உங்கள் ஊர் இப்போது ஊராட்சியா மாநகராட்சியா என்பதைப் பொறுத்து இந்தப் பத்து சதவீதம் மாறும். ஆனால் இந்தத் திட்டம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு. ஒன்பது வருடமாக நடக்கும் உங்கள் அடுப்படியைப் புதுத் தொழில் என்று யாராவது எழுதித் தந்தால், நாளைக்கு அந்தப் பொய்க்கு நீங்கள்தான் பொறுப்பு.

நடந்துகொண்டிருக்கும் சிறிய உணவுத் தொழிலுக்கு என்று 2020-ல் வந்தது பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம். முறுக்கு, சீடை, மாவு, மசாலா, ஊறுகாய் எல்லாம் இதில் அடங்கும். திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். அந்த ஆலோசகர் பிடித்துக்கொண்ட 10 லட்சம் அநேகமாக இந்த உச்சவரம்புதான். 10 லட்சம் மானியம் வர வேண்டும் என்றால் 28 லட்சத்துக்கு மேல் முதலீடு போட வேண்டும். உங்கள் தேவையோ பிசையும் மெஷின், பிழியும் மெஷின், பாக்கெட் ஒட்டும் மெஷின், ஒரு ஷெட். பேச்சுக்கு 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 60,000 நீங்கள் போட வேண்டும். 5,40,000 வங்கி தரும். மானியம் 2,10,000. அதுவும் உங்கள் கைக்கு வராது. வங்கியிலேயே தனிக் கணக்கில் இருக்கும். மூன்று வருடம் தவணை தவறாமல் கட்டி, தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் கடனில் கழிப்பார்கள். நடுவில் கடன் வாராக்கடனாகிவிட்டால் அந்தப் பணத்தை வங்கி கடன் பாக்கிக்கு எடுத்துக்கொள்ளும்.

இதற்கு விண்ணப்பிக்க உதவுவதற்கென்றே மாவட்ட வள ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான பணத்தைத் திட்டமே தருகிறது, உங்களிடம் வாங்கக் கூடாது. நீங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால், உணவு பதப்படுத்தும் உறுப்பினர்களுக்குத் தலா 40,000 ரூபாய் வரை குழு வழியாகத் தொடக்க மூலதனமும் இதே திட்டத்தில் உண்டு. திட்டங்களுக்கு ஆயுள் உண்டு, விதிகளும் மாறும். எனவே இந்த வருடம் மனு வாங்குகிறார்களா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழக அரசின் திட்டங்களுக்கும் அந்த அலுவலகம்தான். படித்து வேலையில்லாத இளைஞர்களுக்கானது, முதல் தலைமுறை தொழில்முனைவோருக்கான நீட்ஸ், பட்டியலினத்தவருக்கான அண்ணல் அம்பேத்கர் திட்டம் என்று தனித்தனியாக இருக்கின்றன. முத்ராவை மட்டும் மானியம் என்று நினைத்துவிடாதீர்கள். அது பிணையில்லாத கடன், முழுதும் திருப்பிக் கட்ட வேண்டும்.

திட்ட அறிக்கை எழுதித் தர ஆடிட்டரோ ஆலோசகரோ நியாயமான கூலி வாங்குவது குற்றமில்லை. ரசீது தருகிறாரா, கடன் கிடைக்கும் என்று உத்தரவாதம் தருகிறாரா என்று பாருங்கள். உத்தரவாதம் தருபவரிடம் போகாதீர்கள். கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது வங்கி. தகுதி இருந்தாலும் மானியத்தை உரிமையாகக் கேட்க முடியாது, கடன் மறுக்கப்படலாம். வங்கிகள் இழுத்தடிப்பதும், 5 லட்சம் கடனுக்கே வீட்டுப் பத்திரம் கேட்பதும் நடக்கிறது. இந்த ஏஜென்டுகளுக்கு ஆள் சேர்வதே அதனால்தான். குறு, சிறு தொழிலுக்கு இந்த அளவுக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார், அப்புறம் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

வங்கிக்குப் போவதற்கு முன், உணவுத் தொழில் செய்பவர்கள் எடுக்க வேண்டிய எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) பதிவை எடுத்துவிடுங்கள். சிறிய அளவில் செய்பவர்களுக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். ஒன்பது வருடமாக அது இல்லாமல் கல்யாண வீடுகளுக்குக் கொடுத்து வந்திருக்கிறீர்கள், வங்கியில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். ஆர்டர் பணத்தைக் கையில் வாங்காமல் கணக்கில் வாங்கப் பழகுங்கள். ஆறு மாத வரவு பாஸ்புக்கில் தெரிந்தால் மேலாளர் உங்களோடு பேசும் தோரணையே வேறாக இருக்கும்.

கடைசியாக, 4,500 ரூபாய் கொடுத்து வாங்கிய அந்த உத்யம் சான்றிதழைக் கிழித்துப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது உங்கள் பெயரில் இருக்கும் செல்லுபடியாகும் பதிவு, நாளைக்கு வங்கியில் கேட்பார்கள். ஆனால் அதில் இருக்கும் போன் எண்ணும் மின்னஞ்சலும் அந்த ஆளுடையவையாக இருக்கலாம். தொழில் தொடங்கிய தேதியையும் இஷ்டத்துக்குப் போட்டிருப்பார். உத்யம் இணையதளத்தில் ஓ.டி.பி.யை வைத்து இவற்றைத் திருத்தலாம், இலவசமாக. இந்தத் தடவை ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.